தனித்தனி டிக்கெட்டில் வெளிநாட்டுப் பயணம்: இடையில் இறங்கி, பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி, அடுத்த விமானம் ஏறுவது எப்படி?

சென்னையிலிருந்து மெல்பர்ன் போக வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் விலை அதிகம். சென்னை–கோலாலம்பூர் ஒரு நிறுவனத்திலும், கோலாலம்பூர்–மெல்பர்ன் இன்னொன்றிலும் எடுத்தால் நல்ல தொகை மிச்சமாகிறது. பலரும் இப்படித்தான் தனித்தனி டிக்கெட்டுக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அப்புறம் என் அத்தை, நண்பர்களின் பெற்றோர் என்று பலரை இதே வழியில் அனுப்பிவைத்திருக்கிறேன்.

புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கோலாலம்பூரை விமானம் மாறும் இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் டிக்கெட்டின் கணக்கில் உங்கள் பயணம் அங்கேயே முடிந்துவிட்டது. நீங்களும் உங்கள் பெட்டியும் மலேசியாவுக்குள் முறைப்படி நுழைந்து, மறுபடி புதுப் பயணியாக அங்கிருந்து கிளம்புகிறீர்கள். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான்.

1. முதலில், உங்களிடம் இருப்பது ஒரு டிக்கெட்டா இரண்டா?

இணையத்தில் ஒரே தடவை பணம் கட்டினோம், ஒரே மின்னஞ்சல் வந்தது, அதனால் ஒரே டிக்கெட் என்று எண்ணிவிடாதீர்கள். டிக்கெட் விற்கும் தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பயணம்போலக் காட்டி விற்பதுண்டு. எங்காவது சின்ன எழுத்தில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் இரண்டு டிக்கெட் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இ-டிக்கெட் எண்ணையும் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அது 13 இலக்கம். பயணம் முழுவதற்கும் ஒரே எண் இருந்தால் பெட்டி கடைசி ஊர் வரை போக வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு பி.என்.ஆர். (முன்பதிவுக் குறியீடு), வேறு டிக்கெட் எண் என்றால் தனித்தனிதான்.

முழுச்சேவை நிறுவனங்கள் சில, இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினால் பெட்டியைக் கடைசி ஊர் வரை அனுப்பிவிடும். கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். குறைந்த கட்டண நிறுவனங்களில் அநேகமாக இது நடக்காது.

2. டிக்கெட் எடுப்பதற்கு முன் விசா

பெட்டி எடுக்க வேண்டுமென்றால் இமிக்ரேஷனை, அதாவது பாஸ்போர்ட், விசா பார்க்கும் சோதனையை, தாண்ட வேண்டும். இமிக்ரேஷனைத் தாண்ட அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். ‘நான் அங்கே தங்கப்போவதில்லையே’ என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை.

இந்தச் சோதனை கோலாலம்பூரில் தொடங்குவதில்லை, சென்னை செக்-இன் கவுன்டரிலேயே தொடங்குகிறது. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும், திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். அதனால் ஊழியர் உங்களைக் கோலாலம்பூர் பயணியாகவே பார்ப்பார். அங்கே நுழையத் தகுதி இருக்கிறதா, அங்கிருந்து வெளியேற டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பார். இரண்டாவது டிக்கெட்டையும் கடைசி நாட்டின் விசாவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருப்பது போதும்தான், ஆனால் சார்ஜ் தீர்ந்த போனோடு கவுன்டரில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அடிக்கடி வரும் இடங்கள்:

மலேசியா. 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

சிங்கப்பூர். இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் போன்ற குறிப்பிட்ட நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருந்து அந்த வழியே போகிறவர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா அனுமதி உண்டு. அனுமதிப்பதா இல்லையா என்பது அதிகாரியின் முடிவு. உள்ளே போகிறவர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும்.

லண்டன். விமான நிலையத்துக்கு உள்ளேயே மாறுபவர்களுக்கான டிரான்சிட் விசா ஒன்று உண்டு. பெட்டி எடுக்க எல்லைக் கட்டுப்பாட்டைத் தாண்ட வேண்டியிருப்பதால் அந்த விசா உங்களுக்கு உதவாது. உள்ளே நுழைந்து மாறுவதற்கான டிரான்சிட் விசா வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி எடுத்துவிடுகிறார்கள்.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுக்கும் நாளிலும், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் அந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

3. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

புதியவர்கள் ‘காலை 7 மணிக்கு இறங்குகிறோம், 10 மணிக்கு விமானம், 3 மணி நேரம் இருக்கிறது’ என்று முன்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். இரண்டாவது விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னால் வாருங்கள்.

விமானம் 10 மணிக்கு. வெளிநாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக உங்கள் உண்மையான கெடு 9 மணி. கவுன்டர் வரிசைக்கு அரை மணி. டெர்மினல் மாற வேண்டுமென்றால் முக்கால் மணி. பெட்டி வர அரை மணி, இமிக்ரேஷனுக்கு ஒரு மணி, விமானத்திலிருந்து இறங்கி நடந்துவர 20 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 6 மணிக்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். இதில் விமானத் தாமதத்துக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

நான் வைத்திருக்கும் அளவு இது. ஒரே டெர்மினல் என்றால் குறைந்தது 5 மணி நேரம். டெர்மினல் மாறினால் 6 அல்லது 7. விமான நிலையமே வேறு என்றால் ஒரு இரவு தங்கிவிடுவது நல்லது. பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் உண்டு, இரண்டும் நகரின் வேறு வேறு பக்கம். டிக்கெட்டில் ‘பாங்காக்’ என்று மட்டும் பார்த்துவிட்டு எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கோலாலம்பூரிலும் டெர்மினலைப் பாருங்கள். ஏர்ஏசியா விமானங்கள் 2ஆம் டெர்மினல், மற்ற பெரிய நிறுவனங்கள் 1ஆம் டெர்மினல். பெட்டியோடு வெளியே வந்து ரயில் பிடிக்க வேண்டும். ஓட்டம் 3 நிமிடம்தான், கட்டணமும் 2 ரிங்கிட்தான். ஆனால் லிஃப்ட் தேடி, டிக்கெட் வாங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே ஏறும் நேரம் அந்த 3 நிமிடத்தில் இல்லை.

தேதியையும் கவனியுங்கள். சென்னையிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானங்கள் நிறைய. 15ஆம் தேதி 00:20 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையம் போக வேண்டும். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். டிக்கெட்டில் உள்ளது எல்லாமே அந்தந்த ஊர் நேரம்.

4. பெட்டி கட்டுவது: எந்த விமானத்தில் எடை குறைவோ அதுதான் கணக்கு

முதல் டிக்கெட்டில் 30 கிலோ, இரண்டாவதில் 20 கிலோ என்றால் உங்களுக்கு 20 கிலோதான். மிச்சம் 10 கிலோவுக்கு நடுவழியில், அந்த ஊர்க் காசில், கவுன்டர் விலையில் பணம் கட்ட வேண்டிவரும். முன்கூட்டியே இணையத்தில் எடை வாங்கினால் விலை கணிசமாகக் குறைவு. கேபின் பைக்கும் இப்படித்தான்: ஒன்றில் 8 கிலோ, மற்றதில் 7 கிலோ என்றால் 7.

அடுத்தது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. ஒரே டிக்கெட்டில் போகும்போது நடு நாட்டில் உங்கள் பெட்டி விமானத்திலிருந்து விமானத்துக்கே போய்விடும். இப்போது நீங்கள் அதை இழுத்துக்கொண்டு அந்த நாட்டுச் சுங்கத்தைத் தாண்டப்போகிறீர்கள். ஆகவே கடைசி நாடு மட்டுமில்லை, நடு நாட்டின் தடைப்பட்டியலும் உங்களுக்குப் பொருந்தும்.

அத்தை ஒரு முறை துபாய் வழியாகப் போக வேண்டியிருந்தது. கிளம்பும் நாள் மதியம் கூடத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பேத்திக்குக் குருமா பிடிக்கும் என்று, அடி மூலையில், துணிக்கு நடுவே, ரப்பர் பேண்ட் போட்ட சின்னப் பொட்டலம். மேலே அத்தையின் கையெழுத்தில் ‘கசகசா’. நம் வீட்டில் அது மளிகைச் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள். சிங்கப்பூரிலும் தடை உண்டு. அத்தைக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. தனியாகக் கட்டிய பொட்டலத்தை எடுத்தாகிவிட்டது. வீட்டில் அரைத்த குருமாப் பொடியிலும் கசகசா சேர்ந்திருக்கும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. அதையும் எடுத்துவைத்தோம்.

இப்படிப் பார்க்க வேண்டிய இன்னும் சில:

மருந்து. டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. எந்த மருந்தானாலும் மருத்துவர் சீட்டோடு, கடை அட்டையிலேயே, கைப்பையில் வையுங்கள். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போடும் பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர் என்றால் சூயிங்கம், வாயில் மெல்லும் புகையிலை, இ-சிகரெட் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரி உண்டு.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக முடியாது. பால்கோவாவும் நெய்யும் அதில் அடங்கும்.

பவர் பேங்க் கேபின் பையில் மட்டும். முதல் விமானத்துக்குச் சரியாக வைத்துவிட்டு, நடுவில் எடை சமாளிக்கப் பொருள்களை மாற்றும்போது பெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள். கொப்பரைத் தேங்காய் சென்னையிலேயே அனுமதி இல்லை.

ஒரு நாள் உடை, மருந்து, சார்ஜர், நகை, ஆவணங்கள் எப்போதும் கைப்பையில். நடுவில் ஒரு இரவு தங்க நேர்ந்தால் இவை போதும்.

நகையோடு வெளிநாடு போய் அதே நகையோடு திரும்பப்போகிறவர்கள் கிளம்பும்போதே சென்னைச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது ‘இது நம்முடையதுதான்’ என்று காட்ட அதுதான் வழி. பெட்டி ஒப்படைப்பதற்கு முன்பே இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

5. சென்னை கவுன்டரில் டேக்கைப் படியுங்கள்

பெட்டியில் ஒட்டும் காகிதத்தில் மூன்று எழுத்து ஊர்க்குறி பெரிதாக இருக்கும். கோலாலம்பூருக்கு கே.யூ.எல்., மெல்பர்னுக்கு எம்.இ.எல். உங்கள் பெட்டி எங்கே போகிறது என்பதற்கு ஊழியர் வாயால் சொல்வதைவிட இந்தக் குறிதான் சாட்சி. கே.யூ.எல். மட்டும் இருந்தால் அங்கே நீங்கள்தான் எடுக்க வேண்டும். எம்.இ.எல். என்று இருந்தால், ‘நடுவில் எடுக்க வேண்டாம்தானே?’ என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டி பெல்ட்டில் போவதற்குள் டேக்கும் பெட்டியும் சேர்ந்து தெரிகிறமாதிரி ஒரு போட்டோ. கையில் தரும் சின்னச் சீட்டில் உள்ள 10 இலக்க எண்தான் பெட்டி தொலைந்தால் தேட உதவும். அதைப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள்.

6. இறங்கியதும் ‘டிரான்ஸ்ஃபர்’ பக்கம் போகாதீர்கள்

இதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. விமானத்தை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பலகை தெரியும். ஒன்று அரைவல் (வருகை), இன்னொன்று டிரான்ஸ்ஃபர் (விமானம் மாறுபவர்களுக்கு). ‘நாம் வேறு விமானம் மாறுகிறோம்’ என்ற நினைப்பில் கால் தானாக டிரான்ஸ்ஃபர் பக்கம் போகும். நண்பரின் அப்பா ஒருவர் ஒரு விமான நிலையத்தில் அப்படிப் போய், அங்கே வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். அவருடைய பெட்டி அதுவரை பெல்ட்டில் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஊழியர்கள் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பெட்டி கிடைத்தது, விமானம் கிடைக்கவில்லை.

பெட்டியை நீங்கள் எடுக்க வேண்டுமானால் அரைவல், இமிக்ரேஷன், பேகேஜ் கிளெய்ம் (பெட்டி எடுக்கும் கூடம்), இந்த வரிசைதான். இமிக்ரேஷனில் பாஸ்போர்ட், வருகை அட்டையின் உறுதிச்சீட்டு, அடுத்த டிக்கெட் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்டால் ‘இன்றைக்கே மெல்பர்ன் போகிறேன்’ என்று நேரடியாகச் சொன்னால் போதும். ஆங்கிலம் பழக்கமில்லாத பெற்றோருக்கு இந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, விமான எண்ணோடு கொடுத்தனுப்புங்கள். நான் அனுப்பிய எல்லாருக்கும் அந்தத் தாள் உதவியிருக்கிறது.

பெட்டி போடாமல் கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர்கள், இரண்டாவது நிறுவனம் இணையத்தில் போர்டிங் பாஸ் தந்து, இரண்டு விமானமும் உள்வழியாக இணைந்த டெர்மினல்களில் இருந்தால், நாட்டுக்குள் நுழையாமலே மாற முடியும். சில நிறுவனங்கள் கவுன்டரில் ஆவணம் பார்த்த பிறகுதான் பாஸ் தரும். அதனால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பெல்ட்டில்

பெட்டியை எடுத்ததும் சக்கரம், கைப்பிடி, பூட்டு பாருங்கள். உடைந்திருந்தாலோ பெட்டியே வரவில்லை என்றாலோ அந்தக் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் முதல் நிறுவனத்தின் மேசையில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். இரண்டாவது நிறுவனம் இதற்குப் பொறுப்பேற்காது. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பயணமே தொடங்கவில்லை. வெளிநாட்டு விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

பழைய டேக்கை இங்கேயே கிழித்துப் போட்டுவிடுங்கள். இரண்டு டேக் தொங்கினால் பெட்டி தப்பான இடத்துக்குப் போக வாய்ப்பு இருக்கிறது.

8. சுங்கம்: பச்சையா சிவப்பா

சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை வழி, இருப்பவர்களுக்குச் சிவப்பு வழி. பச்சை வழியில் நடப்பதே ‘என்னிடம் எதுவும் இல்லை’ என்று நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம். பிறகு பிடிபட்டால் ‘கேட்கவில்லையே’ என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சிவப்பு வழி போங்கள். அதிகபட்சம் பத்து நிமிடம் கூடுதலாகும்.

சென்னையில் வாங்கிய டியூட்டி ஃப்ரீ மது நடு நாட்டுக் கணக்கிலும் வரும், கடைசி நாட்டுக் கணக்கிலும் வரும். பெட்டி கையில் இருக்கும்போதே பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கையில் வைத்திருந்தால் இரண்டாவது பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

கடைசியில் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது விதி இன்னும் எளிது: உணவு எதுவானாலும் அட்டையில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். சொல்லிவிட்டு அவர்கள் எடுத்துக்கொண்டால் போவது ஊறுகாய் மட்டும். சொல்லாமல் மாட்டினால் அபராதம், விசாவுக்கே சிக்கல் வரலாம்.

9. மறுபடியும் செக்-இன்

டிபார்ச்சர் (புறப்பாடு) தளத்துக்குப் போய் இரண்டாவது நிறுவனத்தின் கவுன்டரைத் தேடுங்கள். பெரும்பாலும் விமானத்துக்கு 3 மணி நேரம் முன்புதான் திறப்பார்கள். அதற்கு முன் வந்துவிட்டால் பெட்டியோடுதான் இருக்க வேண்டும். லக்கேஜ் வைக்கும் இடம் இருந்தால் காசு கொடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள், வயதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கவுன்டர் திறந்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். சாப்பாடு உள்ளேயும் கிடைக்கும்.

10. அமெரிக்காவும் இந்தியாவும்

அமெரிக்காவில், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், பொதுவாக முதலில் இறங்கும் ஊரில் எல்லாரும் பெட்டி எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டும். வித்தியாசம் அதற்குப் பிறகு. ஒரே டிக்கெட்காரர்கள் சுங்கத்தை ஒட்டியே இருக்கும் பெல்ட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுப் போவார்கள். கூட்டத்தோடு நீங்களும் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெட்டியில் அடுத்த விமானத்தின் டேக் இல்லை. நீங்கள் வெளியே போய், அடுத்த நிறுவனத்தின் கவுன்டரில்தான் கொடுக்க வேண்டும். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷனும் சுங்கமும் அபுதாபியிலேயே முடிந்துவிடும்.

ஊர் திரும்பும்போது டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி, தனி டிக்கெட்டில் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகிறவர்கள் முதலில் இறங்கும் இந்திய விமான நிலையத்திலேயே சுங்கத்தை முடிக்க வேண்டும். இங்கே இடிப்பது எடை. வெளிநாட்டிலிருந்து 23 கிலோ பெட்டி இரண்டோடு வருவீர்கள். உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோ. கூடுதல் எடையை முன்பே வாங்காவிட்டால் மிச்சம் பிடித்த பணம் இங்கே போய்விடும். டெல்லியில் வெளிநாட்டு விமானங்கள் 3ஆம் டெர்மினல். உள்நாட்டு விமானம் 1ஆம் டெர்மினல் என்றால் சாலை வழியாகத்தான் போக வேண்டும். மும்பையிலும் 1, 2 டெர்மினல்களுக்கு இடையே அப்படித்தான். சென்னையில் சுலபம், ஒரே வளாகத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம்.

வெளிநாட்டு நோட்டு 5,000 டாலருக்கு மேல், அல்லது நோட்டும் பயணக் காசோலையும் எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால் இந்தியச் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

11. முதல் விமானம் தாமதமானால்

இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணிதான். வேறு விமானம் தரும் கடமை இரண்டு நிறுவனங்களுக்கும் இல்லை. அதனால் தாமதம் தெரிந்த உடனே, சென்னையில் இருக்கும்போதே, இரண்டாவது டிக்கெட்டை மாற்றப் பாருங்கள். இரண்டாவது விமானம் கிளம்புவதற்கு முன் மாற்றினால் கட்டணத்தோடு முடியும். கிளம்பிவிட்டால் பெரும்பாலும் முழு டிக்கெட்டும் போகும்.

போய்வர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் இன்னொன்று: போகும் பயணத்தைத் தவறவிட்டால், திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் தானாகவே ரத்து செய்துவிடும். வேறு டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தவர்கள், ஒரு மாதம் கழித்துத் திரும்பும் நாளில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். தவறவிட்ட அன்றே நிறுவனத்தை அழைத்து, திரும்பும் பயணம் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள் ‘தவறவிட்ட இணைப்பு விமானம்’ என்ற பிரிவைப் படியுங்கள். தனி டிக்கெட்டுகளை ஏற்கிறதா, நடுவில் குறைந்தது எத்தனை மணி நேரம் கேட்கிறது என்ற இரண்டும் அதில் இருக்கும். தாமதத்துக்கான சான்றுக் கடிதத்தை முதல் நிறுவனத்திடம் அன்றே, கவுன்டரிலேயே கேட்டு வாங்குங்கள்.